மேல், கீழ்

பாசல், டிரைஸ்பிட்ஸ். வரிகட்டாப் பொருள்களின் கிடங்கு.
மூன்றாம் மாடி, பதினெட்டு பாகை, ஈரப்பதம் ஐம்பது.
ஓவியங்களுக்குக் குளிராது. எனக்குக் குளிரும்.
கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளை அங்கி,
கையில் நீலக் கையுறை,
மேசையில் அதே படிவம்.

ஷென் யூலான். 1961. பாரிஸ்.
துணி, எண்ணெய்ச் சாயம், சீன மை.
நூற்று முப்பதுக்குத் தொண்ணூற்றேழு.
தலைப்பு இல்லை.

இதுவரை சுலபம்.

பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்து விரல்விரலாய்ப் போகிறேன்.
சாம்பல் பூசிய எண்ணெய்ப் பரப்பில்
மை ஒட்டவில்லை,
சேம்பிலையில் மழை மாதிரித் திரண்டு நின்று
திரண்ட இடத்திலேயே காய்ந்திருக்கிறது.
ஒட்டாது என்று தெரிந்தேதான் ஊற்றியிருக்கிறாள்.
அதைத் தாண்டி ஓர் அகலத் தூரிகை,
சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் ஒரே இழுப்பு;
பாதியில் மை தீர்ந்து
மயிர்மயிராய்ப் பிரிந்து, வெறுமையாய்ப் போய்,
அந்த வெறுமைக்குத்தான் படத்தில் அதிக இடம்.

படிவம் கேட்கிறது: கறை உண்டா?
நான் எழுதுகிறேன்: எது கறை?
அழிக்கிறேன். எழுதுகிறேன்: இல்லை.

அந்நியப் பொருள் ஏதும் ஒட்டியுள்ளதா?
வலது ஓரம், மைக்குள், ஓர் ஆட்டுமயிர்.
தூரிகையிலிருந்து விழுந்தது. அறுபது வருடமாய் அங்கேயே கிடக்கிறது.
இருபத்தாறு வருடமாய் இங்கே இருக்கும் என்னிடம்
அந்நியமா என்று கேட்டால்
நான் என்ன சொல்ல.
இல்லை.

கடைசிக் கட்டம்: மேற்பக்கம் எது?

பின்னால், பாரிஸ் கடைக்காரர் யாரோ ஒட்டிய சீட்டில்
அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுகிறது.
முன்னால், சுண்டுவிரல் நகமளவு சிவப்பு முத்திரை
அதற்கு நேர் தலைகீழாய் உட்கார்ந்திருக்கிறது.
புரோட்பெக் வந்தார். தலையைச் சாய்த்தார்.
இப்படிப் பார்த்தால் மலை, என்றார்.
திருப்பினோம்.
இப்படிப் பார்த்தால் ஒன்றுமில்லை,
ஆனால் நல்ல ஒன்றுமில்லை.

அவருக்கு எப்படிச் சொல்வேன்,
எங்கள் பேச்சில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு,
மலை அந்தப் பக்கம் நின்றதாம்,
கடல் இந்தப் பக்கம் கிடந்ததாம்.
நான் பிறந்த ஊரில் மலையே இல்லை.
அது வேறு கதை.

கைவிளக்கை இன்னும் தாழ்த்தினேன். அப்போதுதான் கண்டேன்:
ஒரு மைத்தாரை நாலு அங்குலம் ஓடி,
நின்று,
முழங்கை மடங்கினாற்போல் திரும்பி,
வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே மேலேறியிருக்கிறது.
மை மேலே ஏறாது.
ஈரம் காயுமுன் அவள்தான் துணியைத் தூக்கித்
திருப்பியிருக்கிறாள்,
தனியாக, நூற்று முப்பது சென்டிமீட்டரை.
சட்டத்தின் விளிம்பில் ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது.

மேற்பக்கம்: இரண்டும், என்று எழுதினேன்.
இரண்டுக்குக் கட்டம் இல்லையே, என்றார் புரோட்பெக்,
கோபமில்லாமல். நாலு மணிக்கு லியோன் வண்டி.

பெட்டியை மூடினோம். ஆணியில்லை, திருகுதான், பதினாறு.
கைக்குக் கிடைத்த பள்ளிக்கூடப் பேனாவால் பலகையில்
அவரே ஓர் அம்பு வரைந்தார், கொழுத்தது,
வானத்தைப் பார்த்து.

ஏற்றுமேடையில் மழை.
வண்டிக்காரர் கையொப்பத்துக்குப் பேனா தேடிக்கொண்டிருந்தார்.
அம்பின் நுனியிலிருந்து ஒரு கறுப்பு இழை
பலகையில் இறங்கத் தொடங்கியது,
மரத்தின் ரேகை ஒன்றில் தயங்கி,
பிறகு நேரே, கீழே.

நான் துடைக்கவில்லை.