பூஜ்யம் என்று எழுது

பெர்கூனுக்கு மேலே, வடக்குப் பார்த்த சரிவில்
இரண்டு லார்ச் மரங்கள்.
ஒன்று என் இரு கைக்கும் அடங்கவில்லை.
மற்றது குடத்தின் கழுத்தளவு,
சரளைக்கல்லில் பாதியும் காற்றில் பாதியுமாக
அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து நின்றது.
"எது மூத்தது?" என்றான் ஃப்ளூரின்.
யோசிக்காமல் பெரியதைக் காட்டினேன்.

துளைக்கருவியைத் திருகினோம்.
மரம் முனகியது.
இல்லை, முனகியது இரும்புதான்.
பென்சில் பருமனில் ஒரு குச்சி
பிசின் மணத்தோடு வெளியே வந்தது.
பெரியதற்குத் தொண்ணூற்று நான்கு.
சின்னதற்கு இருநூற்றுப் பதினொன்று.

பெரியது ஓடை கொண்டுவந்த வண்டலில் நிற்கிறது.
ஒரு புயலில் பக்கத்து ஊசியிலை மரம் விழுந்ததாம்;
அடுத்த வருடமே வளையம் அகன்றிருக்கிறது.
யாரோ விழுந்த வெளிச்சம்.

சின்னதன்மேல் பனி ஜூன்வரை படுத்திருக்கும்.
விழித்து, ஊசி விட்டு, உண்டு, மூடிக்கொள்ள
அதற்கு எண்பது நாள்.
கன்றாக இருந்தபோது வழுக்கிய பனி தள்ளிய தள்ளல்
இன்னும் அந்த வளைவில் இருக்கிறது.
கீழ்ப்பக்க வளையங்கள் தடித்து, சிவந்து;
மேற்பக்க வளையங்கள் மயிரிழை.
ஒரே மரம், ஒரே வருடம்,
முதுகுக்கு ஒரு கணக்கு, மார்புக்கு ஒரு கணக்கு.

"ஃபோன் வருகிறது" என்றான்.
நான் சட்டைப்பையைத் தடவினேன்.
அவன் காட்டியது தெற்கே:
முகட்டில் மேகச் சுவர், அதன்கீழ்
இறங்கி வரும் வெந்த காற்று.
அதற்கும் அதே பெயர்தானாம்.
ஏப்ரலில் வந்து மொட்டுகளை ஏமாற்றும்,
மிச்சத்தை மே மாதத்து உறைபனி பார்த்துக்கொள்ளும்.

இரவு ஆய்வறையில்
குச்சிகளை உப்புத்தாளால் தேய்த்து
நுண்ணோக்கியில் வைத்தேன்.
சின்னதில் ஒரு வருடம் குறைந்தது.
மறுபடி எண்ணினேன். குறைந்தது.
பக்கத்து மரங்களில் எல்லாம்
ஐம்பத்துநான்கு ஒரு கீறலாகவாவது இருந்தது.
புழு வந்து ஜூலையிலேயே
மலை முழுக்கப் பழுப்பாக்கிய வருடம்.
இதில் அதுவும் இல்லை.

கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
ஃப்ளூரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"அப்படி விடாதே. பூஜ்யம் என்று எழுது.
வெறும் கட்டம் என்றால் நமக்குத் தெரியாது.
பூஜ்யம் என்றால்
மரம் இருந்தது, வளரவில்லை."

ஷியாசோவில் தந்த படிவத்தில்
தொண்ணூற்றாறுக்கு நேரே
நான் ஒரு கோடு இழுத்திருந்தேன்.
அதிகாரி பேனாவால் அதைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
பூஜ்யத்தை வட்டமாக, கவனமாக எழுதினேன்.

மூன்றாம் நாள் கருவிப்பெட்டியை எடுக்கப் போனபோது
பெரிய மரத்தின் துளை ஒழுகிக்கொண்டிருந்தது.
சின்னது அடைத்துவிட்டது,
மஞ்சள் பிசினால், கிட்டத்தட்ட அவசரமாக.
விரலால் அழுத்திப் பார்த்தேன்.
இன்னும் இறுகவில்லை.
ரேகை பதிந்துவிட்டது.