பெயர், ஊர் வேண்டாம்

புதன்கிழமை மூன்று மணி பஸ்ஸில்
தெலுக் இந்தானிலிருந்து கட்டு வரும்.
ஓட்டுகிறவர் நிறுத்தாமலே உருட்டிவிடுவார்.
சணல் கயிற்றை அறுக்கும் கத்தி
என் கல்லாப்பெட்டிக்குள் சில்லறையோடு கிடக்கிறது.
பதினோராம் கட்டையில் ஆண்கள் என்ன படிக்கிறார்கள் என்பது
அவர்கள் வீட்டுக்காரிகளுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

உடற்கட்டு இதழ் குணாளனுக்கு.
ஈர்க்குச்சிபோல் இருப்பான்.
அட்டையில் நிற்பவனின் புஜத்தைச் சாண்போட்டு அளந்துவிட்டுத்
தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வான்.
மோட்டார் இதழுக்கு மூன்று பேர் கூட்டு.
மூவருக்கும் சேர்த்து இருப்பது ஒரு சைக்கிள்.
மலாயில் வரும் தூண்டில் இதழைப்
பாக் ஹாமிட் நின்றபடியே படித்து முடித்து
மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டுப் போவார்;
மழைக்காலத்தில் ஒரு கெழுத்தி மீன் வரும்,
அதுதான் அவர் சந்தா.

கோட்டுப் போட்டவர்கள் சிரிக்கும் இங்கிலீஷ் இதழ்
கிராணி தேவசகாயத்துக்கு.
வெற்றி பெறும் ஆண் என்ன கடிகாரம் கட்டுகிறான்
என்று அதில் இருக்கும்.
விலை போட்ட பக்கத்தைக் கிழித்து
என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான்
வீட்டுக்கு எடுத்துப் போவார்.

பிளாஸ்டிக் உறையில் வருவது தனி.
படங்களின்மேல் துறைமுகத்திலேயே
யாரோ கறுப்பு மை பூசியிருப்பார்கள்.
பூசுவதற்குச் சம்பளம் வாங்கும் அந்த ஆள்
எத்தனை பக்கம் படித்திருப்பான் என்று
நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன்.
லோரி பெரியண்ணன் அதைப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்.
"சாமி காலண்டர் இருக்கா?" என்பார்,
ஆகஸ்டு மாதத்தில்.
நானும் பழைய பேப்பரில் சுருட்டிக் கொடுப்பேன்,
சாமியைப்போலவே.

பிறகு வந்தது 'முறுக்கு மீசை'.
தமிழ்தான். அட்டையில் புலி, மட்டமான தாள்,
நடுப்பக்கத்தில் டாக்டர் பதில்கள்.
குணாளன் அதைப் புஜங்களுக்குள் செருகினான்,
கிராணி கடிகாரங்களுக்கு நடுவில்,
பெரியண்ணன் சாமிக்குள்.
ஒருவர் வாங்குவதை இன்னொருவர் பார்க்கவில்லை.

கடையை மூடிய பிறகு நானும் பிரித்தேன்.
'படுத்தால் நெஞ்சில் ஒரு லோரி நிற்கிறது.'
'மகன் என்னைவிட உயரம். ஓங்கிய கையை இறக்கிவிட்டேன்.
இது பலவீனமா?'
'சம்பள நாளில் மட்டும் அழுகை வருகிறது.'
ஒவ்வொன்றின் கீழும்
பெயர், ஊர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று:
'மழை பெய்தால் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத நாளில் என் கை
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது.
மனைவியின் கடையில் போய் உட்கார்ந்தால்
விற்காத சாமான்போல் இருக்கிறேன்.'

பதினோராம் கட்டையில்
கடை வைத்திருக்கும் மனைவி நான் ஒருத்திதான்.

டாக்டர் எல்லாருக்கும் ஒரே பதில் எழுதியிருந்தார்:
கவலை வேண்டாம்,
தினமும் காலையில் இரண்டு முட்டை.

வெள்ளிக்கிழமைக்குள் ஆ கியோங் கடையில் முட்டை தீர்ந்தது.
தீபாவளியா, திருமணமா என்று விரல் மடித்துப் பார்த்தான்.
தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தான்.
எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை நல்ல மழை.
அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்,
கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு.
பஸ் கட்டை உருட்டிவிட்டுப் போனது.
நான் கத்தியை எடுக்கவில்லை.
"நீங்க பிரிங்க" என்றேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மரம் வெட்டிய விரல்கள்.
நனைந்த முடிச்சில் நகத்தை நுழைத்து
அவசரமில்லாமல் அவிழ்த்தார்.
கயிறு அறுபடாமல் முழுசாக வந்தது.
அதைச் சுற்றி ஆணியில் மாட்டினார்.
இத்தனை வருஷம் அறுத்து அறுத்து எறிந்திருக்கிறேன்.

இதழ்களை எண்ணி அடுக்கினார்.
புலியை மட்டும் மற்றவற்றுக்கு அடியில் வைத்தார்.
பிறகு, எங்கோ பார்த்தபடி,
"வீட்ல முட்டை இருக்கா?"

"ஊரிலேயே இல்லையாம்" என்றேன்.