முப்பத்து மூன்றாம் நாள், மதகிலிருந்து

அதிபர் அவர்களுக்கு,
என் பெயர் லொரெட்டா கிளாஸ்னர்.
அயோவாவின் கிழக்கு விளிம்பில்
மிசிசிப்பி ஆற்று மதகில் இரவுப் பணி.
சோயாவும் சோளமும் ஏற்றிய சரக்கு மிதவைகள்
பதினைந்தை ஒன்றாய்க் கட்டி
ஒற்றை விசைப்படகு தள்ளிக்கொண்டு வரும்.
அவற்றை மேல்தண்ணீரிலிருந்து
கீழ்த்தண்ணீருக்கு
அலுங்காமல் இறக்கிவிடுவது என் வேலை.

பட்ஜெட் முடங்கி இன்றோடு முப்பத்து மூன்று நாள்.
எங்களுக்கு ‘அத்தியாவசியம்’ என்று முத்திரை:
வேலைக்கு வந்தே தீர வேண்டும்,
கூலி மட்டும் பிறகு.
வெள்ளிக்கிழமை வந்த சம்பளச் சீட்டில்
என் பெயர் பிழையில்லாமல் இருந்தது.
பக்கத்தில் சுழியம், புள்ளி, சுழியம், சுழியம்.
இதை அச்சடித்த மைக்கு யார் காசு கொடுத்தது
என்று கேட்டான் வெண்டல்.
சிரித்தோம்.
போன வாரம் அவன் தன் மீன்பிடிப் படகை விற்றிருந்தான்,
பாதி விலைக்கு.

உங்களை இளக்குவதற்காக இதைச் சொல்லவில்லை.
இளக்குகிறவர்கள் வேறே இருக்கிறார்கள்.
தினமும் தொலைக்காட்சியில் வந்து
‘பாவம், அந்த ஊழியர்கள்’ என்கிறார்கள்.
ஆடு நனைகிறதென்று ஓநாய்க்கு அழுகை.
நனைந்த ஆடு எழுதுகிறேன்:
கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர்கள் நீட்டும் தாளில்
எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி.
யார் பெயரும் அதில் இல்லை.
‘இருபத்தைந்து படுக்கைக்குக் குறைந்தவை’, அவ்வளவுதான்.
எங்கள் கவுண்டி மருத்துவமனையில் பத்தொன்பது.
அங்கேதான் வெர்னா பிரைட்பாக்
செவ்வாய், வியாழன், சனி
நாலு மணி நேரம் சாய்ந்து கிடந்து
ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போகிறாள்.
அடுத்த இயந்திரம் எண்பத்து நாலு மைலில்.
ஜனவரியில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.
வெர்னா எனக்கு உறவல்ல. சிநேகிதிகூட இல்லை.
வேலித் தகராறில் ஆறு வருடமாய்ப்
பேச்சுவார்த்தை கிடையாது.

நேற்றுக் கடையில் ஒருவர் சொன்னார்:
‘உங்கள் ஆளைக் கையெழுத்துப் போடச் சொல்லு,
திங்கட்கிழமையே சம்பளம்.’
நியாயம்தானே என்று தோன்றிவிட்டது.
மறைக்க மாட்டேன்.
கையிலிருந்த பாலை அலமாரியில் திரும்ப வைத்து
சின்னப் புட்டியாய் எடுத்துக்கொண்டேன்.
வீடு வரும்வரை உங்களைத் திட்டினேன்,
வாயில் வந்தபடி.
திட்டித் தீர்ந்த பிறகும்
எண்ணம் மாறவில்லை.

மதகைப் பற்றி ஒன்று.
வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்
இரும்பின் பலம் ஆற்றைத் தாங்குவதாய் நினைக்கிறார்கள்.
இல்லை.
கதவு இரண்டையும் நேர்க்கோட்டில் மூடுவதில்லை.
ஆற்றை நோக்கி மூக்கை நீட்டி,
ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து மூடுவோம்.
வெள்ளம் தள்ளத் தள்ள
இரண்டும் இறுகிக்கொள்ளும்.
தள்ளாத தண்ணீரில்தான் கசிவு.

முதல் வாரம் நீங்கள் கசிந்தீர்கள்.
‘பேசலாம், பார்க்கலாம், எல்லாம் மேசைமேல்.’
கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
இப்போது வெள்ளம் வந்திருக்கிறது,
இறுகுங்கள்.
ஆனால் ஒற்றைக் கதவாய் நின்று பார்க்காதீர்கள்,
அது ஆற்றோடு போய்விடும்.
எங்கள்மேல் சாயுங்கள். தாங்குவோம்.
சாய்கிறவருடைய பளு மட்டும்
எங்கள் தோளுக்குத் தெரிய வேண்டும்.
உங்கள் சம்பளம் நாள் தவறாமல் வருவதாய்ப்
பத்திரிகையில் படித்தேன்.
அதைத் தொடாதீர்கள்.
இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை.
எங்கள் தோளுக்கு அதுதான் விலை.
ஜெயித்த பின் மேடையேறி
எங்களை வீரர்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள்.
வெண்டலுக்கு அவன் படகு வேண்டும்.

மணி இரண்டரை.
மேல்வளைவில் வெளிச்சம்.
ஆர்லன் குழலூதுகிறான், ஒரு நெடில், ஒரு குறில்.
இரண்டு தவணையாய் இறக்க வேண்டும்,
விடிந்துவிடும்.
வீட்டில் ஒரு தபால்தலைதான் மிச்சம்.
இன்னொரு கடிதம் எழுத வைக்காதீர்கள்.