வரிசை எண் பூஜ்ஜியம்

மாட்டுத்தாவணிக்கு மேற்கே ஒரு மருத்துவமனை.
நான்காம் மாடியில், மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியில்,
பதினெட்டு டிகிரியில் ஓர் அறை.
துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
இருபத்து நான்காம் போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு கம்பி வழியாகத்தான்
இந்த மாடி முழுக்கக் கீழே இறங்குகிறது.
கம்பிக்கு முன்னால் எட்டு வரிசை.
ஏழாவது, சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள.
ஐந்தாவது, ஐசியூ மானிட்டர்களுக்கு.
மூன்றில் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, பில்.
நெற்றியில் எதுவும் எழுதாமல் வருகிறவை எல்லாம்
பூஜ்ஜியத்தில் நிற்கும்.
இடம் நிறைந்துவிட்டால்
கடைசியாக வந்தது விழும். சத்தம் கிடையாது.
ஓர் எண்ணில் ஒன்று கூடும், அவ்வளவே.

விழுந்தவை: எண்பத்தோரு லட்சத்துச் சொச்சம்.
இந்தத் தொகைக்கு ஓர் அர்த்தமும் இல்லை.
சித்திரையில் யுபிஎஸ் படுத்து எழுந்த நாளிலிருந்து
கூட்டாமல் விட்ட குப்பை அது.
துடைக்க வேண்டும்.
துடைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும்.
வித்தியாசம்தான் வாய் திறக்கும்.

1:55. பூஜ்ஜியம்.
2:00. பூஜ்ஜியம்.
2:05. மூன்று.
2:10. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.

ஸ்கேன் படங்கள் காப்புக்குக் கிளம்பும் நேரம்.
பூ மார்க்கெட் வாசலில் நிலக்கோட்டை வேன்கள்
ஒன்றன் பின்னால் ஒன்று முட்டி நிற்க,
நடுவில் சிக்கிய மொபெட்டுக்காரன்
ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். அப்படி.

ஞானத்துரை அண்ணன் போனில் கேட்டார்:
"அஞ்சாவதுல விழுதா?"
இல்லண்ணே, சுத்தமா இருக்கு.
"அப்புறமென்ன? பூஜ்ஜியம் சும்மா வைஃபைதானம்மா."

டீ எடுக்க வெளியே வந்தேன்.
உடனிருப்போர் கூடத்தில், தண்ணீர் மெஷின் பக்கம்,
போனை இரண்டு கையாலும் ஏந்தி ஒருவர்:
"ஒச்சம்மா, கேக்குதா? ஏ, கேக்குதா?
புள்ள முழிச்சிருச்சு. முழிச்சதும் ஒன்னயத்தேன் கேட்டுச்சு.
கேக்குதா?"
திரையில் ஒரு பெண்முகம்
வாய் பாதி திறந்து, கட்டம் கட்டமாக உறைந்திருந்தது.

என்னைப் பார்த்தார்.
"டவர் எங்கிட்டுத் தாயி எடுக்கும்?
குவைத்துல வீட்டு வேல. அவுக எல்லாரும் படுத்தப்புறம்
இந்நேரந்தேன் போனத் தொட முடியும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு என்று
அவரிடம் சொல்ல முடியுமா?
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிள்ளையின் நாடி
ஐந்தாம் வரிசையில் ஒன்றுகூட விழாமல்
வந்துகொண்டிருக்கிறது என்று?

கப்போடு திரும்பினேன். ஆறு வரிக் கட்டளை.
ஸ்கேன் படங்களுக்கு ஓர் அடையாளம் ஒட்டி
ஒன்றாம் வரிசைக்குத் தள்ளினேன்,
பத்தில் ஒரு பங்கு அகலம்.
விடியும்வரை ஊர்ந்து போகட்டும், யார் கேட்கப்போகிறார்கள்.
அனுமதிப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று காலையில் பார்க்கலாம்.

துடைத்தேன்.
2:30. பூஜ்ஜியம்.
2:35. பூஜ்ஜியம்.
எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால்
தண்ணீர் மெஷின் பக்கம் ஆளில்லை.
சுவரில் ஒரு சார்ஜர் மட்டும்
எதையும் கடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எதுவும் விழவில்லை என்பதற்கும்
எதுவும் வரவில்லை என்பதற்கும்
அந்தப் பத்தி ஒரே வட்டத்தைத்தான் போடுகிறது.
பக்கத்துப் பத்தியைப் பார்க்க வேண்டும்: போனவை.

2:40. பதினேழு.
ஒரு குரலுக்குப் பதினேழு போதாது.
டீ ஆடை கட்டிவிட்டது.
துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2:45.