வெறும் வயிற்று ரத்தம்

சுழலி நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தால்
பதினேழாம் எண் குழாயில்
சிவப்புக்கு மேலே நின்றது
பால்.

அங்கே நிற்க வேண்டியது
வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிவு.
குழாய்க்குப் பின்னால் விரல் வைத்தால்
ரேகை தெரிய வேண்டும்.
எனக்கு விரலே தெரியவில்லை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோத்தகிரியும் தெரியவில்லை,
அது பனிமூட்டம், பத்து மணிக்கு விலகிவிடும்.

இயந்திரம் எண் தர மறுத்தது.
உப்புநீர் கலந்து நீர்க்கச் செய்து
மறுபடி கொடுத்தேன்.
ட்ரைகிளிசரைடு ஆயிரத்து நூற்று நாற்பது.

பெயர் தவராசா. வயது முப்பத்து மூன்று.
கொழுந்து லாரி ஓட்டுகிறார்.
மேல்வயிற்று வலி, முதுகு வரை, என்று
சீட்டில் டாக்டரின் கிறுக்கல்.
“ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”
“எட்டு மணிக்கு ஒரு சிக்கன் ரைஸ். அதுக்கப்புறம்
சத்தியமா பச்சைத் தண்ணிதான்.”
“தினமுமா?”
“சீசன்ல தினமும்.
ஃபேக்டரி வாசல்ல வரிசை நகர பதினொண்ணு ஆகும்.
அந்தக் குளிர்ல, எண்பது ரூபாய்க்கு,
சூடா வேற என்னங்க கிடைக்கும்?”

எண்ணெய், நடை, கீரை என்று
எனக்குச் சொல்லத் தெரிந்த நாலு வாக்கியத்தையும்
சொன்னேன்.
அவர் தலையாட்டினார்,
கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்கு
ஒதுங்கி இடம் கொடுக்கிறவர் மாதிரி,
மரியாதையாக,
அப்புறம் தன் வழியில் போவதற்காக.
போக முடியவில்லை.
மத்தியானம் வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள்,
கணையம் வீங்கியிருக்கிறதாம்.

மார்கழியில் இங்கே
பாமாயில் பாக்கெட்டுக்குள்ளேயே உறைந்துபோகும்.
பஸ் ஸ்டாண்டு வண்டிக்கடையில் பிபின்
அதை அடுப்போரம் சாய்த்து வைத்திருப்பான்,
குளிர்காய வந்த ஆளைப் போல.
ஓரங்கள் முதலில் இளகும்.
நடுவே ஒரு வெள்ளைக் கட்டி மட்டும்
கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்?
ஏழேகாலுக்கு வேலை முடிந்து
ஏழு ஐம்பது அரவேனு பஸ்ஸுக்கு
வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான் நிற்கிறேன்.
முட்டை ரைஸ், தனியாக நாலு துண்டு சில்லி.
வாணலியில் கரண்டி இடிக்கும் சத்தத்துக்கே
விரல்களில் உயிர் திரும்பும்.
சில்லியைச் செய்தித்தாளில் வைத்துத் தருவான்.
தின்று முடித்துத் தாளை பல்புக்கு நேரே பிடித்தால்
எண்ணெய் ஊறிய இடத்தில்
பின்பக்கத்துச் செய்தியும் படிக்கலாம்.
தாளைக் கண்ணாடியாக்குகிற அதே சாமான்தான்.

பதினோரு வருடம்.
எத்தனை ஆயிரம் கைகளில் நரம்பு தேடியிருப்பேன்.
என் கையில் தேடியதில்லை.
படியேறினால் மூச்சு வாங்குவதற்கு
மலை ஊர், என்று பதில் வைத்திருந்தேன்.
பிறந்ததே இந்த மலையில்தான்.

நேற்று கடையைத் தாண்டி நடந்தேன்.
“அக்கா, இன்னிக்கு வேணாவா?” என்றான் பிபின்,
அஸ்ஸாம் இன்னும் போகாத தமிழில்.
“நாளைக்கு டெஸ்ட்.”
யாருக்கென்று அவன் கேட்கவில்லை,
அடுத்த ஆளுக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.
பஸ்ஸில் யார் மடியிலோ ஒரு பொட்டலம்.
வெங்காயத்தாள் வாசனை
அரவேனு வரைக்கும் என்னோடு வந்து இறங்கியது.

காலையில் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி
இடது கையில் குத்திக்கொண்டேன்.
முதல் குத்து தவறியது.
தவராசா அசையவேயில்லை; நான் அசைந்தேன்.
லேபிளில் பெயர் எழுதாமல்
‘பெண், 38’ என்று மட்டும்.

சுழலியில் ஒற்றைக் குழாய் வைக்கக் கூடாது,
எதிரே சம எடை வேண்டும்.
வார்டிலிருந்து வந்திருந்த தவராசாவின் இன்றைய குழாயை
எனக்கு எதிரே வைத்து மூடினேன்.
ஓடும்போது எது யாருடையது என்று தெரியாது.
பத்து நிமிடம்.
வெளியே டோக்கன் இரண்டு
கதவைத் தட்டுகிறது.