பத்தொன்பதாவது கேள்வி

ஆகஸ்ட் கடைசி வாரம். டார்ட்டுவில்
ஆற்றங்கரைப் பெஞ்சுகளில் இன்னும் வெயில் உட்கார்ந்திருக்கிறது.
பருவம் தொடங்க ஐந்தே நாள்.
சுற்றறிக்கை வந்துவிட்டது:
ஆசிரியர்களுக்கான பணித்திறன் மேம்பாடு,
எட்டுப் பயிலரங்குகள்,
விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம்.
விரும்பாவிட்டாலும் இரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

குரலைப் பேணுவது நிரம்பிவிட்டது.
திரையில் குறைவாக எழுதுவதும் நிரம்பிவிட்டது.
மிஞ்சியது 'சக ஆசிரியர் வகுப்பில் ஓர் இருக்கை'.
இருபத்திரண்டு வருடமாகச் சதுப்பு மண் பாடம் எடுக்கிறேன்,
என் வகுப்பில் எனக்குத் தெரியாத இருக்கையா
என்று முணுமுணுத்துக்கொண்டே பெயரைப் பதிந்தேன்.

அறைக்குள் நுழைந்த முப்பது பேரும்
நேராகக் கடைசி வரிசைக்குத்தான் போனோம்.
பயிற்சி தர வந்த லேலோ ரவுட்சிக்
காலியான முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
சட்டத்துறைக்காரர் கால் மணி தாமதமாக வந்து
பேனா இரவல் கேட்டார்.
என் பக்கத்தில் மேசைக்கடியில் ஒரு கைப்பேசி ஒளிர்ந்தது.
இதையெல்லாம் செய்யும் மாணவர்களைப் பற்றி
போன மாதம்தான் இரண்டு பக்கப் புகார் எழுதியிருந்தேன்.

சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்த பெயர்
ஹெய்கி லூசார், நீரியல்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஜூலையில்
கீழ்த்தளக் குளிரறையிலிருந்து
என் மண் உருளைகளை நடைபாதைக்குத் தள்ளியவர்.
நான்காயிரம் வருடச் சதுப்பு
ஒரு வார விடுமுறையில் வெந்துபோனது.
அதன்பின் மின்தூக்கியில் சேர்ந்து ஏறினால்
இருவரும் மாடி எண்களைத்தான் படிப்போம்.

சீட்டை மாற்றித் தர முடியுமா என்று லேலோவிடம் கேட்டேன்.
அவரும் கேட்டாராம்.
எனக்கு முன்பே.

செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்தார்.
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
நோட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை.
முடிந்ததும் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார்:

'நாற்பத்து மூன்று நிமிடம். கேள்விகள் பத்தொன்பது.
பதினெட்டுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்,
பெரும்பாலும் இரண்டு நொடிக்குள்.
பத்தொன்பதாவது,
யாராவது ஜன்னலைச் சாத்துகிறீர்களா என்பது.
ஒரு பையன் எழுந்து சாத்தினான்.
நன்றாகவே சாத்தினான்.'

இரண்டு நாள் எவரோடும் பேசப் பிடிக்கவில்லை.
தாளைக் கிழித்துப் போடலாம் என்றால்
எண்ணிக்கை சரியாக இருந்தது.
நீர் அளப்பவர், சிந்தாமல் அளந்திருக்கிறார்.

வியாழக்கிழமை ஓர் உருளையை நீளவாக்கில் கிடத்தி
'இந்த அடுக்கு மட்டும் ஏன் கறுத்திருக்கிறது?' என்று கேட்டு
வாயை மூடினேன்.

மூன்று.
நான்கு.
பதில் என் நாக்கு நுனியில் நின்று
பல்லை முட்டியது.
எவரோ பை ஜிப்பை இழுத்துப் பாதியில் நிறுத்தினார்கள்.
ஏழு.
சதுப்பு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்
என்று இத்தனை வருடம் சொல்லித் தந்தவளுக்குப்
பத்து நொடி பொறுக்கவில்லை.

பதினொன்றில், பின்னாலிருந்து கெர்ட்டு:
'தீயா?'

தீ இல்லை. நீர்மட்டம் இறங்கிய காலத்து அடுக்கு அது.
திருத்தத்தான் வாயெடுத்தேன்,
வந்தது வேறு:
'ஏன் தீ என்று தோன்றியது?'

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோடையில்
மண்ணுக்கடியில் மூன்று வாரம் எரிந்ததாம்.
மேலே புல் பச்சையாகவே இருந்ததாம்.
காலணி சுட்ட பிறகுதான் தெரிந்ததாம்.

வகுப்பு முழுதும் திரும்பி அவளைப் பார்த்தது.
எனக்கு அத்தனை பின்தலைகள் தெரிந்தன.

நாளை அவருடைய வகுப்பு, குழாய்களில் அழுத்தம்.
கடைசி வரிசையா, மூன்றாவதா,
இன்னும் முடிவு செய்யவில்லை.
பென்சிலை மட்டும்
கூராகச் சீவி வைத்திருக்கிறேன்.