ஒட்டியும் ஒட்டாமலும்

வியாழக்கிழமை மாலை, த்ரியெஸ்தே.
மலையிலிருந்து இறங்கிய போராக் காற்று
துறைமுகத்துக் கொடிக்கயிறுகளை
அறைந்துகொண்டிருக்கிறது.
சங்கத்தின் சன்னல்கள் நான்கையும்
நான்தான் பூட்டினேன்.
ஒரு தும்மலுக்கே பறந்துபோகும் சொத்து
எங்களுடையது.

துல்லியோ கோசுலிச்,
கப்பல் பட்டறையில் கணக்கராக இருந்தவர்.
"சட்டை வாங்கியவன்
விலைச்சீட்டோடா உடுத்துகிறான்?"
கேட்டுக்கொண்டே
தபால்தலையின் வெள்ளை ஓரத்தை
மடித்து, நகத்தால் நீவி,
கிழிக்கிறார்.
ஒவ்வொரு பல்லாக விடும் சத்தம்
எனக்குக் கேட்கிறது.
நெரீனாவுக்கு வலிக்கிறது.

நெரீனா ஸ்தோக்கா, இரவுப்பணிச் செவிலி,
ஓரமில்லாத எதையும் வாங்காதவள்.
அவள் ஆல்பத்தில்
படத்தைவிட வெள்ளை அதிகம்.
அச்சகத்தின் பெயர், தகட்டின் எண்,
மையைச் சரிபார்த்த ஐந்து வண்ணப் பொட்டுகள்,
தாள் கோணாமல் நிற்க இட்ட சிலுவைக்குறி.
"வேலை செய்தவர்கள் எல்லாரும்
இங்கேதான் நிற்கிறார்கள், துல்லியோ.
நடுவில் இருப்பது
அரசாங்கம் மட்டும்."

நகமும் சதையும் என்றாள் ஒருமுறை.
நகத்தை வெட்டத்தானே செய்கிறோம் என்றார் அவர்.
அந்த வாரம் காப்பி ஆறியது.

நான் செயலாளர்.
நடுநிலை என் உத்தியோகம்.
உண்மையைச் சொன்னால்
ஓரத்தைக் கிழிக்க மனம் வராது எனக்கு,
வைக்க இடமும் இராது;
பின்பக்கமாக மடித்துவிடுவேன்.
கோழை என்கிறார்கள் இருவரும்.
அவர்கள் ஒத்துப்போவது
அந்த ஒரு சொல்லில்தான்.

போன மாதம் மொன்ஃபால்கோனே ஏலத்தில்
துல்லியோ ஒரு பழைய ஆல்பம் எடுத்தார்,
ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு.
யாருடையதோ.
கீல் வாங்கக் காசில்லாத யாரோ
முழுத்தாள்களின் ஓரத்தைப் பட்டையாக நறுக்கி,
இரண்டாய் மடித்து,
அதன் பசையாலேயே
தபால்தலைகளைப் பக்கத்தோடு
பிணைத்து வைத்திருந்தார்.

பதினேழாம் பக்கத்தில்
ஒன்றுக்கும் உதவாத பழுப்புக் குதிரை.
ஈரத்தாளில் வைத்து அதன் கீலைப் பெயர்த்தார்.
மடிப்பு மெல்ல விரிந்தது.
உள்ளே நீல மையில் ஓர் ஏழு.
தகட்டெண்.
ஒரு பக்கம் கிழிந்த பற்கள்,
அவற்றில் ஒன்று குட்டை.

"நான்காம் பக்கம்" என்றாள் நெரீனா.
எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை யாரும்.
நான்காம் பக்கத்தில் அதே நீலத்தில் ஒரு கப்பல்.
இடப்புறப் பற்களில் ஒன்று மட்டும்
நூல் தொங்க நீண்டிருந்தது.

கறுப்பு அட்டைமேல்
இடுக்கியால் நகர்த்தினார் துல்லியோ.
நெரீனா பூதக்கண்ணாடி பிடித்தாள்.
பல்லுக்குப் பல், குழிக்குக் குழி.
குட்டை நெட்டையிடம் போய்ச் சேர்ந்தது.

"சேர்த்து ஒட்டிவிடலாமே?"
புதிதாய்ச் சேர்ந்த தெயான் கேட்டான்.
"கூடாது!"
இரண்டு குரலும் ஒரே அடியில் விழுந்தன.
பிரிந்ததைப் பிரியாததாய்க் காட்டுவது
எங்கள் தொழிலில் திருட்டு.

ஆகவே ஒரு மயிரிழை இடைவெளி.
அதன் வழியே கறுப்பு தெரியும்படி
ஒரே கூட்டில் வைத்தோம் இரண்டையும்.
விலையா?
கப்பலுக்கு ஐந்து யூரோ.
ஏழுக்கு ஒன்றுமில்லை.

அடுத்த வியாழனும் கிழித்தார் துல்லியோ.
கிழித்த துண்டுகளை மட்டும்
புதினா மிட்டாய் டப்பாவில் போட்டு மூடினார்.
எதற்கு என்று நெரீனா கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கொட்டியிருப்பார்.

அன்றிரவு வீட்டில்
என் மடிப்புகளில் ஒன்றை விரித்தேன்.
கோடு போகவில்லை; போகாது.
பக்கத்தில் அடங்கவும் இல்லை.
ஆல்பத்தை மூடினால்
வெளியே ஒரு வெள்ளை நாக்கு நீட்டுகிறது.

நீட்டட்டும்.